எல்லீசர் சரித்திரமும் காணியாட்சி வழக்கும்

நம் சங்கத்துப் பெரியோர் சிலர் சென்ற திங்கள் என்னை அழைத்து, தொண்டைமண்டலத்துக் காணியாட்சியின் பழமையையும் அதனைத் தாங்கி நின்ற நம் முன்னோர் பெருமையையும் விளக்கி ஒரு கட்டுரை வரைதல் வேண்டும் எனப் பணித்தனர். அப்பணியைத் தலைமேற்கொண்டு ஏடுகளைப் புரட்டப் புகுந்தேன். புகுந்த இடமெல்லாம் ஒருவர் பெயரே எதிர்ப்பட்டது. அவர் நம் குலத்தவர் அல்லர்; நம் நாட்டவரும் அல்லர். ஆங்கில நாட்டிற் பிறந்து, கும்பினியார் உத்தியோகத்தில் அமர்ந்து, தமிழிற் பெரும் புலமை எய்தி, நாற்பது வயதைக் கடந்த சில்லாண்டுகளில் உலகு நீத்த பிரான்சிஸ் வைட் எல்லிஸ் என்பாரே அவர். தமிழ்ப் புலவர் அவரை எல்லீசர் என வழங்குவர். காணியாட்சியைக் குறித்து இன்று நாம் மேடையேறிப் பேசுவனவற்றுட் பல, அவர் எழுதி வைத்தமையால் நமக்குக் கிடைத்தனவே. ஆதலின் அவர் சரித்திரத்தைச் சொல்லுதலே பணித்ததைச் செய்ததாகும் என்று துணிந்தேன். அவர் எழுதியவற்றுள் நாம் விரும்பிப் பேசுவனவும் உள. பேசாது விடுவனவும் உள. இரண்டினையும் சொல்லப் போகின்றேன், பெரியோர் பொறுத்தருள்க.

எல்லீசர் பிறந்தது 1777-ஆம் ஆண்டு. 1796-இல், பத்தொன்பது வயது இளைஞராய், கும்பினியின் எழுத்தர் வேலைக்குச் சென்னை வந்து இறங்கினார். சில ஆண்டுகளில் ரெவினியூ போர்டு என்னும் வரிச் சங்கத்தின் செயலகத்திற் புகுந்து படிப்படியாக உயர்ந்தார். 1806-இல் மசூலிப்பட்டணத்து நீதிபதி. 1809-இல் சுங்க அதிகாரி. 1810-இல் சென்னை கலெக்டர். உத்தியோக வரலாறு இவ்வளவே. இதனை விரிப்பதிற் பயனில்லை. அவர் வந்து சேர்ந்த நாட்டின் நிலைமையே நாம் கருதற்பாலது.

சென்னைப் பட்டணத்தைச் சூழ்ந்திருந்த ஊர்களை ஆர்க்காட்டு நவாபு 1763-இல் கும்பினியாருக்கு ஜாகீராகக் கொடுத்தார். பூவிருந்தவல்லி, ஆவடி, அம்பத்தூர்ப் பக்கத்து ஊர்கள் யாவும் அந்த ஜாகீரைச் சார்ந்தவையே. பின்னர் இது செங்கற்பட்டு ஜில்லா எனப் பெயர் பெற்றது. இந்நாளில் பூவிருந்தவல்லியும் ஆவடியும் திருவள்ளூர் மாவட்டத்திலும், அம்பத்தூர் சென்னை மாவட்டத்திலும் பிரிந்து கிடக்கின்றன. 1780-இல் ஹைதர் அலியின் படை இந்நாட்டிற் புகுந்தது. ஊர்கள் எரிந்தன, கால்நடைகள் போயின, ஏரிக்கரைகள் உடைந்து கிடந்தன, குடிகள் நாற்றிசையும் ஓடினர். போர் ஓய்ந்தபின் மீண்டவர் சிலர், மீளாதார் பலர். ஒருவன் விட்டுச்சென்ற நிலத்தை மற்றொருவன் உழுதிருப்பான். சென்றவன் பத்தாண்டு கழித்து வந்து, ஈது என் பாட்டன் காணி என்பான். உழுதவன் விடுவானா? இவ்வழக்கு ஊர்தோறும் எழுந்தது. நிலம் யாருடையது, கரம்பு யாருடையது, ஏரி யாருடையது என்ற வினாக்கள் வெள்ளையர் கச்சேரிக்கு அன்று வந்தவை. இன்னும் அங்கிருந்து முற்றும் வெளியேறவில்லை.

1794 முதல் 1798 வரை ஜாகீருக்குக் கலெக்டராக இருந்தவர் லயோனல் பிளேஸ் துரை. மதுராந்தகத்து ஏரிக்கரையை இராமபிரானும் இளைய பெருமாளும் காத்து நிற்கக் கண்டவர் என்று நம் நாட்டார் கதை சொல்லுகின்றாரே, அவரே இவர். அவர் முதலிற் காணியாட்சி என்பதொன்று உண்டென்பதையே நம்பவில்லை. வரி கொடுக்க மறுத்த காணியாட்சிக்காரரை நீக்கிப் பிறரை நிறுத்தவும் முற்பட்டார். ஊர்களைச் சுற்றிப் பார்த்தபின்னரே, ஈது வழிவழி வந்த உடைமை என்று மனம் மாறினார். அவருக்குப் பின் 1802-இல் கும்பினியார் இந்நாட்டை அறுபதுக்கு மேற்பட்ட மிட்டாக்களாகக் கூறுபோட்டு ஏலத்தில் விற்றனர். ஏலம் எடுத்தவருட் பலர் சில ஆண்டுகளிலேயே வரி செலுத்தமாட்டாமற் கைவிட்டனர். வரிச் சங்கத்தின் செயலகத்தில் இருந்த எல்லீசர் இக்கடிதங்களையெல்லாம் கண்முன் கண்டிருத்தல் வேண்டும். ஒரு நாட்டின் நில முறையை அறியாமல் அந்நாட்டை விலைகூறினால் விளைவது யாது என்பதை அவருக்குப் பிறர் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

நிற்க. எல்லீசரின் தமிழ்த் தொண்டினைச் சொல்லாது செல்லுதல் என் போன்ற தமிழாசிரியனுக்கு இயலாது. 1812-இல் சென்னைக் கல்விச் சங்கம் நிறுவப்பெற்றது அவர் முயற்சியால். கும்பினி உத்தியோகத்துக்கு வரும் ஆங்கில இளைஞர் இந்நாட்டு மொழிகளைக் கற்பதற்கென அமைந்த அக்கல்விச் சாலை தமிழ்ப் புலவர் பலருக்கு வாழ்வளித்தது. தமிழ் நூல்கள் அச்சேறவும் வழி செய்தது. 1816-இல், தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஓரினத்தன, அவை வடமொழியினின்றும் பிறந்தன அல்ல என்று சான்றுகாட்டி எழுதினார். கால்டுவெல் ஐயரின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது அதற்கு நாற்பது ஆண்டு கழித்து, 1856-இல். வீரமாமுனிவரின் நூல்களைத் தேடித் தருமாறு புதுச்சேரி முத்துசாமிப் பிள்ளையை அனுப்பியவரும் இவரே. நாணயசாலை இவர் பொறுப்பில் இருந்த காலத்தில் வள்ளுவர் உருவம் பொறித்த பொற்காசு அடிக்கப்பெற்றதென அறிஞர் கருதுவர். திருக்குறளின் முதற் பதின்மூன்று அதிகாரங்களிலிருந்து பல பாக்களைத் தெரிந்து ஆங்கிலத்திற் பெயர்த்து விரிவுரையும் எழுதினார், அப்பணி முற்றுப்பெறவில்லை. நாற்பது வயது நிரம்புமுன் தம் ஆராய்ச்சி எதனையும் வெளியிடுவதில்லை என்று அவர் விரதம் பூண்டிருந்தார் என்பர். முப்பதிலேயே மூன்று நூல் வெளியிட்டுப் பட்டம் பெற விழையும் இக்காலத்தார் இதனை எண்ணிப் பார்க்கலாம். நானும் நாற்பதைக் கடந்தவன்; எழுதியது ஒன்றுமில்லை; ஆனால் அது விரதத்தால் அன்று.

இனிக் காணியாட்சிக்கு வருவோம். நம் பக்கத்து ஊர்களில் ஆறு என்பது பெயரளவே. கூவம் ஆண்டிற் சின்னாளே ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் வானம் பொழிவதை ஏரியில் தேக்கி வைத்துப் பங்குனி வரை உண்ணுதலே இந்நாட்டு உழவு. ஓர் ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் வழியே வழிந்த நீர் அடுத்த ஏரிக்குச் செல்லும். அம்பத்தூர் ஏரியின் மிகுநீர் கொரட்டூர் ஏரிக்குச் செல்லுவதை இன்றும் காணலாம். செம்பரம்பாக்கத்துப் பேரேரியோ பல ஊர் ஆயக்கட்டுக்கு நீர் வழங்கியது. ஏரியில் நீர் உண்டாயின் ஆயக்கட்டு நிலம் பொன். நீர் இல்லையாயின் அந்நிலமும் கரம்பும் ஒன்றே. ஆதலின் நிலத்துக்கு உரியவன் எவனோ அவனே நீருக்கும் உரியவன் என்னும் முறை ஏற்பட்டது. மதகைத் திறப்பவனும் அடைப்பவனும் ஆகிய கம்புகட்டி காணியாட்சிக்காரர் சொற்படி நடப்பவன்.

காணியாட்சியாவது, ஊரின் நிலம் முழுவதும் சில குடும்பங்களுக்குப் பங்கு பங்காக உரித்தாயிருத்தல். மகமதிய அரசர் காலத்தில் இதற்கு மிராசு என்னும் அரபுச் சொல் வழங்கலாயிற்று. மரபுரிமை என்பது அதன் பொருள். பங்குகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றி மாற்றி உழுவது பசுங்கரை. நிலையாகப் பிரித்துக்கொள்வது அறுதிக்கரை. பங்குதாரர்க்கு வரியில்லா மானியம் உண்டு. விளைவிற் குப்பத்தம் என்னும் சுதந்தரம் உண்டு. பிறர் வந்து உழுதால் அவரிடம் துண்டுவாரம் வாங்கும் உரிமையும் உண்டு. அவ்வாறு பிறர் நிலத்தை உழுபவர் பாயக்காரிகள் எனப்பட்டனர். அவருள் ஊரிலேயே குடியிருப்போர் உள்குடிகள். வெளியூரிலிருந்து வந்து உழுது செல்வோர் பரகுடிகள். இவ்வளவும் உழும் நிலத்தைப் பற்றியது. உழாத நிலத்திலேதான் வழக்கு முற்றிற்று. ஒருகால் உழுது பின் விடப்பட்டது செய்கால் கரம்பு. என்றும் உழப்படாதது அநாதி கரம்பு. மேய்ச்சல், விறகு, கோரைப்புல், தழை, கல், மண், ஏரி மீன், வண்டல் ஆகிய இவையெல்லாம் கரம்பிலும் ஏரிப்படுகையிலும் உள்ளவை. பணமில்லா ஏழைக்கு அவையே பணம்.

அக்கரம்பு யாருடையது? சர்க்கார், தன்னுடையது என்றது. யாருக்கேனும் கொடுத்து உழுவித்தால் வரி பெருகும் அன்றோ? காணியாட்சிக்காரர், எம்முடையது என்றனர். ஓலைகளில் நிதி, நிட்சேபம், சலம், தரு, பாஷாணம் முதலாக எண்வகைப் போகமும் தமக்கு எழுதப்பட்டிருத்தலைக் காட்டினர். ஐயம் தெளியும் பொருட்டுச் சர்க்கார் காணியாட்சியைப் பற்றிப் பதினேழு வினாக்களை வகுத்து விடை கேட்டது. எல்லீசர் 1816-இல் விடை எழுதினார். 1818-இல் அது சென்னையில் அச்சாயிற்று.

மற்ற அதிகாரிகள் வரிக்கணக்கைப் பார்த்து விடை எழுதினர். எல்லீசர் தமிழைப் பார்த்து எழுதினார். காணி விற்ற ஓலைகளையும், சாசனங்களையும், நீதி நூல்களையும், குறும்பர் நாட்டை ஆதொண்டைச் சக்கரவர்த்தி வென்று காடு கெடுத்து நாடாக்கி வேளாளரைக் குடியேற்றிய பழங்கதையையும் ஒருங்கு திரட்டினார். அம்பத்தூருக்கு அருகிலுள்ள புழலே குறும்பரின் கோட்டை இருந்த இடம் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம் அல்லவா? அக்கதையைச் சர்க்கார் ஏட்டிற் சட்டச் சான்றாக ஏற்றியவர் அவர். அவருக்குத் துணைநின்றவர் கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தேதாராக இருந்த சங்கரய்யர். அவர் எழுதியவை எல்லீசரின் நூலுக்கு அநுபந்தமாக உள்ளன. முடிவில் எல்லீசர் கண்ட தீர்ப்பு இதுவே: காணியாட்சி முழு உடைமை, விற்கலாம், ஒற்றி வைக்கலாம், மக்களுக்கு விடலாம், உழும் நிலம் மட்டுமன்றி ஊர் எல்லைக்குட்பட்ட கரம்பிலும் காணியாட்சிக்காரர்க்கு உரிமை உண்டு. அரசர்க்கு உரியது வாரமேயன்றி மண் அன்று.

நம்மவர் பெருமைக்கு இதனினும் சிறந்த சான்று வேறு யாதுளது? அந்நியர் ஒருவர், அதிகாரத்தில் இருந்தவர், தம் சர்க்காரின் ஆதாயத்துக்கு மாறாக எழுதிய சான்று. இதுவரை நம் பெரியோர் மேடைகளிற் சொல்லி வருகின்றனர். அதே நூலில், அதே காணியாட்சியைச் சார்ந்த உடைமைகளுள் ஒன்றாக, சேரியில் வாழ்ந்த மக்களையும் எல்லீசர் குறித்திருக்கிறார். உழுதவரும், நாற்று நட்டவரும், ஏரிக்கரையில் மண் சுமந்தவரும் ஆகிய ஆதிதிராவிட மக்கள் அடிமைகளாய் நிலத்தோடு கட்டுண்டு கிடந்தனர். காணி கைமாறினால் அவரும் கைமாறினர். இதனை அவர் மறைக்கவில்லை. வினாவுக்கு விடையாக எழுதிவைத்தார். மேடையில் இப்பகுதியைப் படிக்க யான் இதுவரை கேட்டதில்லை.

எல்லீசர் நடுநிலைமையாளர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் நடுநிலைமையாளர்க்கும் ஒரு குறை நேர்ந்துவிடும். அவர் முன் வந்த ஏடுகள் யாவை? காணியாட்சிக்காரர் பெட்டியிலிருந்த ஏடுகள். சேரியில் ஓலை ஏது? தன் பாட்டன் வெட்டிய வரத்துக்கால் எதுவென்று உழைப்பாளி கையாற் சுட்டிக் காட்டுவானேயன்றி ஏட்டாற் காட்டமாட்டான். எழுதப்பட்டதே உரிமை என்று கொண்டால், எழுதத் தெரிந்தவனே உரியவன் ஆவான். கரம்பில் ஆடு மேய்த்தவர்க்கும், ஏரியிற் கோரை அறுத்தவர்க்கும், வழக்கத்தால் ஒரு சிறு பாத்தியம் இருந்ததா என்று ஒருவரும் வினவவில்லை. பதினேழு வினாக்களுள் அவ்வினா இல்லை.

எல்லீசர் பிறந்த நாட்டிலேயே அவர் காலத்தில் இதற்கொத்ததொன்று நடந்துகொண்டிருந்தது. ஆங்கில நாட்டு ஊர்ப்பொது நிலங்களை வேலியிட்டுத் தனியுடைமையாக்கும் சட்டங்கள் பாராளுமன்றத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறின. 1801-இல் அவ்வேலையை எளிதாக்கப் பொதுச் சட்டமும் வந்தது. பொதுவில் ஒரு பசுவை மேய்த்து உயிர்வாழ்ந்த ஏழைக்கு அங்கும் ஓலை இல்லை.

இவ்விடத்தே ஒரு செய்தியை இடையிற் சொல்ல விரும்புகின்றேன். திருக்குறள் முதன்முதல் அச்சேறியது 1812-இல். அந்நூலின் ஏட்டுச்சுவடியை எல்லீசரிடம் கொண்டுவந்து கொடுத்தவர், ஆரிங்டன் என்னும் துரையின் மாளிகையிற் சமையல் வேலை மேற்பார்த்த கந்தப்பன் என்பவர் என்றும், அவர் தம் பாட்டனார் என்றும், அயோத்திதாசப் பண்டிதர் எழுதியிருக்கிறார். 1845-இற் பிறந்து 1914-இல் மறைந்த அப்பண்டிதர் ஆதிதிராவிட குலத்தில் தோன்றியவர். 1907-இல் தமிழன் என்னும் பத்திரிகையைத் தொடங்கியவர். எல்லீசருடைய மேசையின் ஒருபுறம் இருந்தது, நிலத்தோடு விற்கப்பட்ட மக்களைக் குறித்த ஓலை. மறுபுறம் இருந்தது, அம்மக்களுள் ஒருவர் தம் வீட்டிற் காத்துத் தந்த வள்ளுவர் ஏடு. சேரியில் ஓலை ஏது என்று மேலே எழுதினேன். காணி ஓலை ஏது என்று அதனைத் திருத்தி வாசித்துக்கொள்க.

1818-ஆம் ஆண்டிற் சென்னையில் நீருக்கு மிகவும் முட்டுப்பாடு உண்டாயிற்று. எல்லீசர் பட்டணத்திற் பல இடங்களில் இருபத்தேழு கிணறுகள் வெட்டுவித்தார். இராயப்பேட்டைப் பெரியபாளையத்தம்மன் கோயிற் கிணற்றருகே இதனைக் கூறும் கல்வெட்டு ஒன்று நாட்டப்பட்டது. கல்வெட்டு முழுவதும் தமிழ். நாட்டுக்கு நீர் உறுப்பாதலைக் கூறும் திருக்குறளும் அதில் உண்டு. ஓர் ஆங்கில அதிகாரி, தம் நாட்டு மொழியை விடுத்து, கிணற்று மேடையிலும் வள்ளுவரை வைத்தார். ஏட்டில் நீர் யாருக்கு உடைமை என்று எழுதிய தீர்ப்பு அச்சேறிய அதே ஆண்டில், தாகத்துக்கு நீர் வெட்டுவித்த செயல் இது. இவ்விரண்டையும் அவர் தம் மனத்துள் எவ்வாறு பொருத்திக்கொண்டார் என்று பலகால் எண்ணியிருக்கின்றேன்.

அவர் தீர்ப்பைச் சர்க்கார் முழுவதும் ஏற்கவில்லை. 1820-இற் கவர்னராக வந்த தாமஸ் மன்றோ, எல்லீசர் காணியாட்சிக்கு அளவிறந்த மதிப்பளித்துவிட்டார் என்று கருதினார். 1824-ஆம் ஆண்டு இறுதியில் எழுதிய நெடுங்குறிப்பில், கரம்பு அரசினுடையதே என்னும் பக்கம் சார்ந்து வாதித்தார். ரயத்துவாரி முறை நிலைபெற்றது. ஆயினும் செங்கற்பட்டுச் சீமையில் மட்டும் காணியாட்சி அறவே ஒழிந்திலது. கரம்பை யாரேனும் பட்டாக் கேட்டுத் தர்க்காஸ்து கொடுத்தால், முதலிற் காணியாட்சிக்காரரைக் கேட்டு, அவர் வேண்டாவென்றபின்னரே பிறர்க்குக் கொடுப்பது வழக்காயிற்று. சேரியான் ஒருவன் கேட்டால் அவர் வேண்டாவென்பரா? உழமாட்டாத நிலத்தையும் தாமே எடுத்துக்கொள்வதாகச் சொல்லுவர். சொந்த நிலம் பெற்றவன் நாளை நம் வயலுக்கு வரமாட்டான் என்னும் அச்சமே காரணம். அடிமை முறையைச் சட்டம் ஒப்புக்கொள்ளாது என்று 1843-இல் விதி வந்தது. அடிமை போயிற்று, கரம்பு வரவில்லை. கரம்பில்லாதவன் கூலிக்கு எங்கே போவான்? பழைய வாயிலுக்கே போனான்.

1891-இல் செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர் துரை இவற்றையெல்லாம் நேரிற் கண்டு சர்க்காருக்கு ஒரு குறிப்பு எழுதினார். குடியிருக்கும் மனையும் காணியாட்சிக்காரருடையது என்று சொல்லப்படுவதால், சேரி மக்கள் வாய்திறந்தால் வீடிழப்பர் என்பதை எடுத்துக்காட்டினார். அதன் பயனாக 1892-இல் சர்க்கார் உத்தரவு பிறந்தது. ஆதிதிராவிட மக்களுக்கென நிலம் ஒதுக்கப்பட்டது. பத்தாண்டு வரை அதனை விற்கலாகாது. அதற்குமேல் விற்பதாயினும் அவ்வகுப்பாருக்கே விற்றல் வேண்டும் என்பது விதி. பஞ்சமி நிலம் என்பது இதுவே. விதி ஏட்டில் நின்றது. நிலம் பல ஊர்களிற் பிறர் கைக்குப் போயிற்று. 1994-ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில், செங்கற்பட்டுப் பக்கத்துக் காரணை என்னும் ஊரில், அந்நிலத்தை மீட்கக் கிளர்ந்த மக்கள்மீது போலீசார் சுட்டதில் இருவர் மாண்டனர். எல்லீசரின் நூல் அச்சாகி அப்பொழுது நூற்றெழுபத்தாறு ஆண்டு.

இனி என் வீட்டுச் செய்தி ஒன்று. பூவிருந்தவல்லிக்கு மேற்கே உள்ள ஊர் எங்களூர், பெயர் வேண்டா. என் பாட்டனார் பங்குக் காணியாட்சிக்காரர். யான் சிறுவனாயிருந்தபோது ஓராண்டு மழை பொய்த்தது. ஏரி நடுவே குட்டைபோற் சிறிது நீர் நின்றது, சுற்றிலும் கோரை. சேரியிலிருந்து ஒரு மூதாட்டி வந்து கோரை அறுத்தாள். பாய் முடைவோர்க்கு விற்றால் இரண்டு நாள் அரிசி கிடைக்கும். என் பாட்டனார் ஆளனுப்பி அவளுடைய அரிவாளைப் பிடுங்கிவரச் செய்தார். அவள் மாலையில் எங்கள் வாயிலில் வந்து நின்றாள். பெரியவரே, அரிவாளை மட்டும் தரவேண்டும் என்று கேட்டாளேயன்றிக் கோரையைக் கேட்கவில்லை. பாட்டனார் உள்ளே சென்று ஓலைப் பெட்டியைக் கொண்டுவந்து, படிக்கத் தெரியாத அவளுக்கு, சலம், தரு, பாஷாணம் என்று படித்துக் காட்டினார். அவர் கொடியவர் அல்லர். எனக்குத் தமிழெழுத்து அறிவித்தவர் அவரே. தம் பாத்தியத்தைத் தாம் காப்பதாக உண்மையாகவே நம்பினார். அரிவாள் திரும்பவில்லை. பரணில் நெடுங்காலம் கிடந்தது.

அதற்குச் சில ஆண்டு கழித்து ஊர்க்கரம்பு வீட்டு மனைகளாயிற்று. பட்டணம் மேற்கே பரந்து வந்தது, ஏரிக்கால்கள் தூர்ந்தன. கரம்புக்கு விலை வந்தபோது காணியாட்சிக் குடும்பத்தார் யாவரும் கூடிப் பங்கு பங்காகப் பணம் பெற்றோம். எங்கள் குடும்பத்துக்கும் வந்தது. அப்பணத்தில்தான் யான் புலவர் பட்டத்துக்குப் படித்தேன். சேரியார் வந்து, ஆடு மேய்த்த நிலம் ஆயிற்றே, சுடுகாட்டுக்குப் போகும் வழியாவது விடலாகாதா என்று கேட்டனர். அன்றும் ஓலைப் பெட்டி திறக்கப்பட்டது. இப்பொழுது அவ்விடத்தே மழைக்காலத்தில் முழங்கால் அளவு நீர் நிற்கிறது. 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் மனை வாங்கியவரும் சேரியாரும் ஒரே பள்ளிக்கூடத்து மாடியில் ஒதுங்கினர்.

எல்லீசரின் முடிவைச் சொல்லி நிறுத்துகின்றேன். 1819-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவர் தென்னாட்டுக்குச் சென்றிருந்தார். மார்ச் திங்களில், இராமநாதபுரத்தில், மருந்தென்று கருதி நஞ்சைத் தவறாக உட்கொண்டு திடீரென இறந்தார். அவர் கல்லறைக் கல்லில் ஆங்கிலத்தோடு தமிழும் பொறிக்கப்பட்டது. பல ஆண்டு உழைத்துச் சேர்த்த குறிப்புகளும் ஏடுகளும் காப்பாரின்றிப் போயின. மதுரையில் ஓர் அதிகாரியின் சமையற்காரர் அவற்றை மாதக்கணக்காக அடுப்பு மூட்டவும் கோழி வாட்டவும் எரித்தார் என்று பிற்காலத்து வால்டர் எலியட் துரை எழுதி வைத்துள்ளார். திருக்குறள் விரிவுரையின் எஞ்சிய பகுதிக்கென வைத்திருந்தவை அடுப்பிற் போயினவோ என்று நினைக்குந்தோறும் நெஞ்சு பதைக்கும். காணியாட்சி விடைகள் அதற்கு முன்னரே அச்சேறியமையால் தப்பின. 1852-இல் பிரவுன் துரை அவற்றை மன்றோவின் மறுப்போடு சேர்த்து மீண்டும் பதிப்பித்தார். வக்கீல்மார் அதனை நெடுங்காலம் கச்சேரிகளில் எடுத்துக் காட்டினர்; இருபுறத்தார் வக்கீலும் எடுத்துக் காட்டினர் என்பது குறிப்பிடத்தக்கது.

நம் சங்கத்தின் ஆண்டு விழாக் கண்காட்சியில் வைப்பதற்காக எங்கள் வீட்டுக் காணி ஓலையைத் தருமாறு காரியதரிசி அவர்கள் கேட்டிருக்கிறார். பெட்டியோடு கொடுக்கச் சம்மதித்துவிட்டேன். அரிவாளை வைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. அம்மூதாட்டியின் பேரன் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த தெருவில் மிதிவண்டி பழுது பார்க்கிறார். சென்ற ஞாயிற்றுக்கிழமை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எதற்கு இது சார் என்றார். கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, அந்தச் சுடுகாட்டு வழிக்கு மனுப் போட்டிருக்கிறோம், ஓலையில் ஊர் எல்லை எழுதியிருக்கிறதா, நகல் கிடைக்குமா என்று கேட்டார். எழுதியிருக்கிறது. நகல் எடுத்து வைத்திருக்கிறேன். பங்காளிகளுக்கு இன்னும் சொல்லவில்லை.